மீதி இரண்டு வரிகள்

செய்தியைக் கொண்டுவந்தவர் துணிக்கடை காதர் பாய். ஜாலான் பெண்டஹாரா தெருவிலிருந்து நான் ஒளிந்திருக்கும் குருபோங்வரை சைக்கிள். டயர் கிடைக்காததால் சக்கரத்தில் கயிறு சுற்றியிருந்தார். மரவள்ளிக் கொல்லையில் என்னைக் கண்டதும் இறங்கினார்.

"அபாங் போயிட்டாரு, தம்பி. காய்ச்சல். கொய்னா மாத்திர எங்கயும் கெடைக்கல."

அருணாசலத்தை நீங்கள் அறிவீர்கள். காஜா பெராங் பகுதிச் செட்டிக் குடும்பம்; பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய்க்காரரோடு கலந்தவர்கள். பெயர் தமிழ், பேச்சு மலாய். கல்யாண வீடுகளில் பிடில் வாசித்து, பந்துன் என்ற நாலு வரிப் பாட்டைப் பாடியவர். எல்லோருக்கும் அபாங், அண்ணன். அங்கே பேசியதெல்லாம் மலாயில்தான். இங்கே என் தமிழில் தருகிறேன். இந்தத் தாளைப் படித்ததும் எரித்துவிடுங்கள். ஆள் பிடிக்கும் லாரிகள் இன்னும் ஓடுகின்றன.

ஊரைப் பிடித்த படை சயாம் ரயில் பாதை போடத் தமிழ் இளைஞர்களைத் தெருவிலேயே பிடித்து லாரியில் ஏற்றத் தொடங்கியபோது, காதர் பாய்தான் என்னை அபாங் வீட்டில் விட்டார். பரணில் இடம். கல்லூரி பாதியில் நின்றுபோயிருந்தது. கவிதையும் செத்துவிட்டது என்றேன்.

"நீ ஒண்டியா எழுதுற. அதான் செத்துப்போச்சு," என்றார். "பந்துனுக்கு ரெண்டு பேர் வேணும்."

மாலையில் வேலியருகே நின்று முதல் இரண்டு வரிகளைப் பாடுவார். மீதி இரண்டைப் பக்கத்து வீட்டுப் பார்வதி பாட வேண்டும். பதில் சொல்லாதவர் தோற்றவர். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்வதி தோற்றதில்லை.

அவள் கணவனை லாரி கொண்டுபோனது. அன்றோடு பாட்டு நின்றது. அவள் யாரிடமும் பேசவும் இல்லை. அபாங் மட்டும் நிறுத்தவில்லை. இரண்டு வரி பாடுவார். காத்திருப்பார். உள்ளே வந்துவிடுவார். பரணில் எனக்குக் கூசும். அவள் புருஷன் அங்கே, நான் இங்கே.

"பதில் வராதுன்னு தெரிஞ்சும் ஏன் பாடுறீங்க?"

"வராதுன்னு யார் சொன்னா? இன்னும் வரல. அவ்வளவுதான்."

ஒரு மாலை இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். கூடவே உள்ளூர் மொழிபெயர்ப்பாளன். வேலி வழியாக ரகசியச் சொல் போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுவர் இடுக்கில் பார்த்தேன். அபாங் முற்றத்தில் மண்டியிட்டிருந்தார்.

"வெறும் பாட்டு, துவான். மீதிய அந்த வீட்டுல பாடுவாங்க."

"எங்க, பாடச் சொல்லு. பாடலைன்னா உன் வீட்டப் பிரிச்சுப் பாத்துடுவோம்," என்றான் மொழிபெயர்ப்பாளன்.

அபாங் பாடினார். குரல் நடுங்கவில்லை என்று எழுத ஆசை. நடுங்கியது.

*ஆற்று முகத்தில் படகு திரும்பும்,*
*அலையில் நனைந்து துடுப்பும் கனக்கும்.*

அபாங் வேலியைப் பார்த்தார். ஒரு கோழி முற்றத்தைக் கடந்தது. ஒரு சிப்பாய் அபாங் வீட்டு வாசலை நோக்கி நடந்தான். நான் பரணில் இருப்பது பார்வதிக்குத் தெரியும். அவள் சும்மா இருந்தாலே போதும்; அவள் வீட்டுக்கு நேர்ந்தது இங்கும் நேரும். நான் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

பிறகு, வேலிக்கு அப்பாலிருந்து, பல நாள் பேசாத தொண்டையின் கரகரப்போடு:

*போனவர் வரும்வரை விளக்கும் இருக்கும்,*
*இருப்பவர் முகத்தில் வெளிச்சம் கிடக்கும்.*

மொழிபெயர்ப்பாளன் சிரித்துவிட்டான். "இந்த வயசுல காதலப் பாரு." சிப்பாய்களுக்கும் ஏதோ சொன்னான். போய்விட்டார்கள்.

அபாங் முழங்கால் மண்ணைத் தட்டினார். வேலியைப் பார்த்துச் சொன்னார்: "இவ்வளவு நேரமா யோசிப்ப?"

"உங்க வரி மட்டம். அதுக்கு ஜோடி தேட வேணாமா?"

மறுநாள் அபாங்கும் காதர் பாயும் என்னைக் குருபோங்குக்கு மாற்றினார்கள்.

மனித குலத்தின் எதிர்காலம் பற்றிக் கல்லூரியில் நிறையப் படித்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. என்னிடம் உள்ள ஒரே சான்று அந்தக் கரகரத்த குரல். அபாங் காத்திருந்து பெற்றது அது.

காதர் பாயோடு காஜா பெராங் போனேன். பிடில் சுவரில் தொங்கியது. பார்வதி வேலியருகே வந்தாள்.

"ஒனக்குன்னு ரெண்டு வரி விட்டுட்டுப் போனாரு."

*கொல்லையில் பெய்த மழையும் ஓயும்,*
*மண்ணின் அடியில் கிழங்கு பருக்கும்.*

"மீதிய நீங்களே சொல்லிடுங்க, அக்கா."

"ஒனக்கு விட்டது. நான் தொடமாட்டேன்."

அவருடையதாக என்னிடம் இருப்பது இவ்வளவே. ஒரு பாதிப் பாட்டு. என் முறை. எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். பார்வதியின் கணவன் இன்னும் திரும்பவில்லை. இன்று மாலை அந்த வேலியருகே போய் நிற்பேன். மட்டமாகவாவது முடிப்பேன். முடித்த கையோடு அவளுக்குப் புதிதாக இரண்டு வரி பாடுவேன்.

காத்திருப்பேன்.