நான் கழுவிய பாட்டில்

மூன்று வருஷத்துக்கு முன்பு, சித்திரை வெயிலில் திண்டுக்கல் காய்ந்துகொண்டிருந்த நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு சின்ன தனியார் லேபில் நான் கெமிஸ்ட். தண்ணீர், மண், மசாலாத் தூள் என்று எது வந்தாலும் சோதித்து ரிப்போர்ட் கொடுப்பது என் வேலை. என்னைப் பற்றி ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுத்தப் பைத்தியம். பாத்திரம் கழுவ ஆள் இருந்தாலும், சாம்பிள் பிடிக்கும் கண்ணாடி பாட்டில்களை மட்டும் யாரையும் தொடவிட மாட்டேன். காலேஜில் கற்றுக்கொண்டபடி, ஆரஞ்சு நிற அமிலக் கலவை ஒன்றில் அவற்றை ஊறவைத்து, பத்துத் தடவை நல்ல தண்ணீரில் அலசிக் கவிழ்ப்பேன். அந்த அமிலம் தெறித்து ஓட்டை விழாத துப்பட்டா என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. "எலி கூட இம்புட்டுக் கடிக்காது" என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். பண்ணட்டுமே, பாட்டில் கண்ணைப் பறிக்கிற மாதிரிப் பளபளக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

ஒருநாள் காலையில், என் வயதுதான் இருக்கும், ஒருவர் வந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி 'பாய்' என்றே கூப்பிட்டேன். கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். இருபது வருஷம் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். கையெல்லாம் புண்ணாகிப்போய் அந்த வேலையை விட்டுவிட்டு, சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அரை ஏக்கர் வாங்கி நான்கு மாடு வைத்திருந்தார். ஊர்க் கிணறு அவர் நிலத்தை ஒட்டியே இருந்தது. அதிலிருந்துதான் ஊருக்கே குடிதண்ணீர்.

"மாட்டுக்குத் தண்ணி காட்ட ஷாப்புல மருந்து வந்த நாலு நீல ட்ரம்மு கொண்டாந்தேன் மேடம். கோடையில கெணத்துத் தண்ணி கீழ போயி ருசி மாறிருச்சு. உடனே, தோல் ஷாப்புக்காரன் ட்ரம்முல இருந்து தோலுக்குப் போடுற குரோமியம் எறங்கிருச்சுன்னு பேச ஆரம்பிச்சுட்டாக. இருக்குன்னு வந்துச்சுன்னா எடத்தை வித்துட்டுப் போயிருன்னு கூட்டத்துல சொல்லிட்டாக. நானே சோதிச்சு ரிப்போர்ட்டு கொண்டாறேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்."

அவர் சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. என் கண் அந்த பிளாஸ்டிக் பாட்டில் மேலேயே இருந்தது. "கடைப் பாட்டில்ல கொண்டாந்தா நான் எப்படிப் பாக்குறது? கொஞ்சமாவது யோசிக்க வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே, அவர் பஸ் ஏறிச் சுமந்துவந்த தண்ணீரை அவர் கண் முன்னாலேயே தொட்டியில் கவிழ்த்துவிட்டேன். பிறகு என்னுடைய கண்ணாடி பாட்டில் இரண்டை எடுத்து, உலோகம் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சில சொட்டு அமிலமும் விட்டு, "இதுல பிடிச்சுட்டு வாங்க" என்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலமே தண்ணீரோடு திரும்பி வந்துவிட்டார்.

சோதித்தேன். குடிதண்ணீரில் இருக்கலாம் என்ற அளவுக்குக் கொஞ்சம் மேலேயே குரோமியம் காட்டியது. எனக்கும் சந்தேகம் வராமல் இல்லை. லேபில் 'ஸ்டாண்டர்டு' என்று ஒன்று வைத்திருப்போம். இதில் இவ்வளவு குரோமியம் இருக்கிறது என்று சான்றிதழோடு வருகிற கரைசல். கடையில் தராசைச் சரிபார்க்க எடைக்கல் இருப்பதைப் போல, மெஷினைச் சரிபார்க்க அது. அதை வைத்துப் பார்த்தேன், கன கச்சிதமாகக் காட்டியது. அப்புறம் என்ன? கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திவிட்டேன்.

ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தபோது அவர் முகம் வெளுத்துப் போனது. நான் சும்மா இருந்திருக்கலாம். "கெமிக்கல் ட்ரம்மைக் கொண்டுபோயி கெணத்துக்கிட்ட வச்சா இப்படித்தான் ஆகும் பாய்" என்று ஒரு உபதேசமும் பண்ணினேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கிணற்று மோட்டாரைப் பூட்டிவிட்டார்களாம். பெண்கள் பக்கத்து ஊருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்களாம். அவர் மாட்டுப் பாலை வாங்க ஆள் இல்லை. மாசக் கடைசிக்குள் அவர் காலி பண்ண வேண்டுமாம்.

"ரிப்போர்ட்டை நீங்களேவா குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"வேற யாரு குடுப்பா? மறைச்சிருக்கக் கூடாதான்னு வீட்டுல அழுகுறாக. ஊரே குடிக்கிற தண்ணி மேடம், அதை எப்படி மறைக்கிறது?" என்றவர், "ஆனா ட்ரம்மைக் கழுவுன தண்ணியக்கூட நான் அந்தப் பக்கம் விட்டதில்ல. இன்னொரு தடவ பாருங்களேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் ரிப்போர்ட்டையா சந்தேகப்படுகிறார்? ஸ்டாண்டர்டு பாட்டிலையும் அதன் சான்றிதழையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்து, மெஷின் சரி, மருந்து சரி, என் கையும் சரி என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கழுவும் அறைக் கதவு திறந்திருந்தது. அங்கே என் பாட்டில்கள் ஊறிக்கொண்டிருந்த தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த செவப்புத் தண்ணி பைக்ரோமேட்டுதான?"

ஆமாம் என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நாங்க குரோம் மருந்தை ஷாப்புலயே காய்ச்சுன ஆளுக. பைக்ரோமேட்டு, ஆசிட்டு, வெல்லப்பாகு, எல்லாம் இந்தக் கையாலதான் கலக்குனேன். பைக்ரோமேட்டுல இருக்குறதும் குரோமுதான். அது ஒட்டுச்சுன்னா ஒட்டுனதுதான், எத்தனை தடவ அலசுனாலும் முழுசாப் போகாது. அப்படி ஒட்டுறதாலதான் தோலே பதமாகுது" என்றார். பிறகு மேஜை மேல் இருந்த ஸ்டாண்டர்டு பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். "இது பிளாஸ்டிக்குல்ல?"

"ஆமா, கம்பெனியில இருந்து அப்படித்தான் வரும்."

"அப்ப இதுக்கு பிளாஸ்டிக்கு, எனக்கு மட்டும் எதுக்கு மேடம் கண்ணாடி குடுத்தீக?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்போதுதான் யோசித்தேன். ஸ்டாண்டர்டை நான் கலக்குவதும் மெஷினோடு வந்த பிளாஸ்டிக் குடுவைகளில்தான். என் கண்ணாடி பாட்டிலுக்குள் அது ஒருநாளும் போனதில்லை. பிறகு எப்படி அது பாட்டிலைக் காட்டிக்கொடுக்கும்? அதுவரை நான் குரோமியம் பார்த்ததெல்லாம் ஷாப்புக் கழிவுநீரில். அதில் இருக்கிற அளவுக்கு பாட்டிலில் இருந்து வரும் துளி தெரியவே தெரியாது. குடிதண்ணீரில் பார்க்கச் சொல்லி வந்த முதல் ஆள் இவர்தான்.

"நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னேன். நான் கழுவிய பாட்டில் மூன்றில் லேபின் சுத்தமான காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, அதே போல அமிலச் சொட்டு விட்டு வைத்தேன். மறுநாள் காலை மெஷினில் கொடுத்தேன். கிணறு என்ன, குளம் என்ன, எதையும் பார்த்திராத அந்த வெறும் தண்ணீர், பாயின் கிணற்றுத் தண்ணீர் காட்டிய அளவையே கிட்டத்தட்ட காட்டியது. மூன்று பாட்டிலும் அப்படித்தான். அடக் கடவுளே! ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்று அடுப்படியில் எனக்குத் தெரியும். லேபில் தெரியாமல் போய்விட்டது. நான் போட்ட அமிலச் சொட்டே, கண்ணாடியில் ஒட்டிக் கிடந்த குரோமியத்தை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறது.

லேப் முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் பயந்தார். "புதுசா சாம்பிள் எடுத்துப் புது ரிப்போர்ட் குடுத்துருங்கம்மா. பழசைப் பத்தி எதுக்குப் பேச்சு? நம்ம பேரு கெட்டுரும்." அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கும் வேலை போய்விடுமோ என்று பயம்தான். ஆனால் ஏன் மாறியது என்று சொல்லாமல் ஒரு புதுக் காகிதத்தைக் கொடுத்தால், பாய் ஆளைப் பிடித்து ரிப்போர்ட்டை மாற்றிவிட்டார் என்றுதானே பேசுவார்கள்? "தப்பு என்னுதுன்னு நானே போயிச் சொல்லிட்டு வாரேன் சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி என்றார்.

புது பிளாஸ்டிக் பாட்டில்களை குரோமியம் இல்லாத வேறொரு அமிலத்தில் ஊறவைத்து அலசி எடுத்துக்கொண்டு, சாணார்பட்டி பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் போனேன். கிணற்றடியில் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். கணக்கு டீச்சர் மாதிரி விளக்க வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணியதெல்லாம் மறந்துபோனது. "தண்ணியில குத்தம் இருக்குன்னு நான் எழுதினது தப்பு. பாட்டிலைக் கழுவுன மருந்துல இருந்த குரோமியத்தைத்தான் மெஷின் காட்டியிருக்கு. கழுவினது நான்தான்" என்று மட்டும் சொன்னேன்.

இடுப்பில் காலிக் குடத்தோடு நின்ற ஒரு அக்கா கேட்டார்: "அன்னைக்கும் நீங்கதான் சொன்னீக. இன்னைக்கு நீங்க சொல்றத மட்டும் எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. பாட்டிலில் ஒன்றை அவர் கையிலேயே கொடுத்தேன். லேபிலிருந்து நான் கொண்டுபோன காய்ச்சி வடித்த வெறும் தண்ணீரை அவரே அதில் ஊற்றினார். மற்ற பாட்டில்களில் கிணற்றுத் தண்ணீரையும் அவரே பிடித்தார். ஒரு பங்கு எங்களுக்கு, ஒரு பங்கு மதுரையில் வேறொரு லேபுக்கு என்று பிரித்து, மூடிமேல் காகிதம் ஒட்டி அதில் அவர் கைநாட்டு வாங்கினோம். பாய் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார்.

இரண்டு லேபிலும் கிணற்றுத் தண்ணீர் சுத்தம் என்றே வந்தது. வெறும் தண்ணீர் பாட்டிலிலும் ஒன்றும் இல்லை. மோட்டார் பூட்டைத் திறந்தார்கள். பாய் அங்கேயேதான் இருக்கிறார். ஆனால் அந்த ஊரில் மூன்று வீட்டுக்காரர்கள் இன்னும் கேன் தண்ணீர்தான் வாங்குகிறார்கள், அவரிடம் பால் வாங்குவதில்லை. போன மாசம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது அதைச் சொன்னார். "விடுங்க மேடம், குரோமாச்சே, அம்புட்டுச் சீக்கிரம் போகாது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆரஞ்சு அமிலத்தை லேபிலிருந்தே எடுத்துவிட்டோம். இப்போது எந்தச் சாம்பிளைத் தொடுவதற்கு முன்னாலும் அதே மாதிரி பாட்டில் ஒன்றில் வெறும் தண்ணீரை ஊற்றி முதலில் மெஷினில் கொடுக்கிறேன். அடுத்தவர் கிணற்றைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், நான் கழுவியது சுத்தமாக இருக்கிறதா என்று அது சொல்லட்டும்.