சித்தி சேர்க்காத குறுஞ்செய்தி

சிங்கப்பூரில், எங்கள் பாசிர் ரிஸ் வீட்டில் மூன்று வாரம் நாங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பிடவில்லை. மேசை முழுக்க என்னைப் பற்றிய காகிதங்கள். பாலர் பள்ளி முதல் தொடக்கநிலை ஐந்து வரையிலான தேர்ச்சி அறிக்கைகள், எல்லாவற்றிலும் சித்தியின் கையெழுத்து. மூச்சிரைப்புக்குப் போய்வந்த மருந்தகத்தின் அட்டைகள். ரயில் நிலையத்தில் வேலை முடித்து வரும் சித்தி, சீருடையைக்கூட மாற்றாமல் அவற்றைத் தேதிவாரியாக அடுக்குவார். என்னைப் பற்றி இவ்வளவு இருக்கிறதா என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

சித்தி அப்பாவின் இரண்டாவது மனைவி. என்னைப் பெற்ற அம்மா பிரிந்துபோன பிறகு, என் நான்கு வயதில் வந்தவர். எனக்குப் பதினொரு வயதானபோது அப்பா மாரடைப்பில் இறந்தார். அடுத்த மாதமே, மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டுமென்று அம்மா நீதிமன்றத்தில் மனுப் போட்டார்.

எங்கள் வழக்கறிஞரின் அலுவலகம் லிட்டில் இந்தியாவில், ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் இருந்தது. சனிக்கிழமைகளில் சித்தி தமிழில் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் வாக்குமூலம் எழுதுவார். "பாசத்தைப் பத்தி அப்புறம் எழுதிக்கலாம் லா, தேதி சொல்லுங்க" என்பார். எனக்கு முதல் பல் விழுந்த நாள்கூட சித்திக்குத் தேதியோடு நினைவிருந்தது.

ஒரு சனிக்கிழமை, படங்களுக்காகக் கொடுத்திருந்த அப்பாவின் பழைய கைப்பேசியில் வழக்கறிஞர் ஒரு குறுஞ்செய்தியைக் கண்டெடுத்தார். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"'இவ எனக்கு வேணாம், நீங்களே வச்சுக்குங்க'ன்னு பெத்த அம்மாவே எழுதியிருக்காங்க. இது ஒண்ணு போதும்."

"அதைச் சேர்க்காதீங்க சார்," என்றார் சித்தி.

"கேஸ் போயிடும், பரவாயில்லையா?"

"பெரியவளாகி இந்த ஃபைலை அவ ஒரு நாள் படிப்பா சார். அன்னைக்கு அவளுக்கு அம்மான்னு ஒருத்தங்க இருக்கணும்ல."

விசாரணைக்கு முன்பு நீதிமன்ற ஆலோசகர் ஒருவர் என்னைத் தனியாக உட்காரவைத்து, யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்டார். அம்மாவோடு என்றேன். என்னை வேண்டாம் என்று எழுதியவர் வாயால் ஒருமுறையாவது வேண்டும் என்று கேட்டுவிட வேண்டுமென்ற வெறி அது. சித்தி எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்தேன்.

அம்மா என்னை நன்றாகத்தான் வளர்த்தார். ஆனால், எனக்கு உடம்பு சரியில்லாத நாள்களில் என் மனம் பாசிர் ரிஸுக்குத்தான் போனது. நீதிமன்றம் சித்திக்குக் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும், காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை. அவர் ஒருநாளும் ஐந்து நிமிடம் தாமதமாக என்னைத் திருப்பி அனுப்பியதில்லை.

இப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அன்று நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்று சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை. போன ஞாயிறு சொல்லிவிடுவது என்றே போனேன். மீன்குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு, பேசி, தூங்கி எழுந்து, சொல்ல வாயெடுத்தபோது அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தரை.

"கெளம்பும்மா," என்றார். "அம்மா தேடுவாங்க."