பூமாலை பொறுக்கி எடுத்த மண்

நைனார்பாளையத்துப் பூமாலைக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது; நிலத்தைப் பற்றிய கர்வம் மட்டும் பத்து ஏக்கர் தேறும். தனசேகரனின் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து இருபது வருஷமாக மரவள்ளி போட்டுவந்தவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று ஊரில் பெயர். நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அந்த நல்ல பழக்கத்தை வரப்போரம் கழற்றி வைத்துவிடுவார்.

தொண்ணூற்றேழில் குருத்திலை வெளுத்து, கிழங்கு விரல் கனத்துக்கு மேல் பருக்கவில்லை. மறு வருஷமும் குருத்திலை வெளுத்தது. “இந்த தபாவும் தேறலன்னா வேற ஆளப் பாத்துக்கறேம்பா” என்றார் தனசேகரன். பார்க்க வந்த விவசாய அலுவலர், மண்ணில் இரும்போ துத்தநாகமோ குறைந்திருக்கலாம், பத்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து கொடுங்கள் என்று ஒரு துணிப்பையை நீட்டினார்.

பூமாலை ஒரே இடத்தில் எடுத்தார். கோடையில் எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போட்ட மூலை. மண் கரேலென்று இருக்கும். அதையும் கல் பொறுக்கிச் சலித்தார்.

“சீக்கு அந்தாண்ட, மண்ணு இந்தாண்டயா? இன்னாய்யா பண்ற?” என்றாள் மனைவி கண்ணகி.

“பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி கிழிஞ்ச பொடவையிலயா நிறுத்துவாங்க?”

“சீக்காளிய டாக்டராண்ட காட்டச் சொன்னா, பக்கத்து வூட்டு பயில்வானக் கூட்டிகினு போறியே!”

முடிவுச்சீட்டு வந்தது. இரும்பு போதுமான அளவு, துத்தநாகம் போதுமான அளவு. ஏதோ தானே பரீட்சையில் தேறியதுபோல் பூமாலை அதைத் தெருவெல்லாம் காட்டினார். தனசேகரனிடமும் காட்டினார், அதுதான் வினை.

“மண்ணுல ஒரு கொறையும் இல்லியாம். அப்ப கொறை யாராண்டப்பா?”

உண்மையைச் சொன்னால் நிலத்துக்கு அவமானம், சொல்லாவிட்டால் நிலமே போய்விடும். தலையைச் சொறிந்தார். “ஐயா… அது கிடை போட்ட மண்ணுங்க.”

தனசேகரன் சிரித்த சிரிப்பில் பூமாலை காது வரை கூசிப்போனார். ஆனாலும் மறுபடி பத்து இடத்தில் தோண்டினார். பையைக் கண்ணகி பிடித்தாள்; வெளிறிய மண் விழும்போதெல்லாம் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது சீட்டில் இரும்பும் கம்மி, துத்தநாகமும் கம்மி. இரண்டின் உப்பையும் கரைத்து இலைமேல் தெளித்ததில் குருத்து பச்சை பிடித்தது, கிழங்கு தொடை கனத்துக்கு இறங்கியது, குத்தகையும் நிலைத்தது.

முதல் சீட்டு இன்றும் பூமாலை வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இரண்டாவது, அரிசிப் பானைக்கு அடியில். யாராவது விசாரித்தால் பதில் தயார்:

“மண்ணுக்கு இன்னா கொறை? மருந்தடிச்சது எலைக்குத்தாங்க!”