மெமரியில் இருந்த பாட்டு

சத்தியசீலனுக்கு ஐம்பத்து மூன்று வயது. சுங்கைப் பட்டாணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். அதே கடையின் முன்பாதியில் கைப்பேசி உறை விற்கும் காளிதாசன் நான். பதினோரு வருடமாக அவன் பேச்சைக் கேட்டுக் காது புளித்தவன் என்ற முறையில் அவனைப் பற்றி எழுத எனக்குத்தான் உரிமை. அவனுக்கு நான் செய்ததையும் நான்தான் எழுத வேண்டும்.

கோலா கெத்தில் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். சிப்புகளைச் சோதிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தான். ஒருநாள் அந்த லைனையே வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இவனை இங்கேயே விட்டுவிட்டார்கள். கல்யாணமும் ஆகவில்லை. பேச ஆள் வேண்டுமே, நான் அகப்பட்டேன்.

பேச்சென்றால் அவனுக்குப் பிராசசர்தான்.

"டேய் காளி, பிராசசருக்குள்ள ரெஜிஸ்டர்னு கொஞ்சூண்டு எடம் இருக்குடா, நம்ம கை மாதிரி. அதுல புடிச்சிருக்கறத மட்டுந்தான் கூட்டும், ஒப்பிட்டுப் பாக்கும். மிச்சமெல்லாம் மெமரில கெடக்கும், மேச மேல கெடக்கற மாதிரி. புரோகிராமும் அங்கதான். ஒரு வரி எடுக்கும், சொன்னத செய்யும், வந்தத மெமரில வைக்கும், அடுத்த வரிக்குப் போகும். அடுத்தது எந்த வரின்னு ஞாபகம் வச்சுக்கவே தனியா ஒரு ரெஜிஸ்டர் லா!"

பெற்ற பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்ததுபோல அவன் முகம் மலர்ந்துவிடும். கரண்ட் போனால் கையும் காலி, மேசையும் காலி, டிஸ்கில் எழுதியது மட்டுமே தங்கும் என்றும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

போன வருடம் லூர்து மேரி என்ற அக்கா ஒருவர் கடைக்கு வந்தார். அவருடைய ஒரே மகள் எவலின் சாலை விபத்தில் இறந்து அப்போது எட்டு மாதம். கைப்பேசி நொறுங்கிப்போய், அதிலிருந்த நகமளவு கார்டு மட்டும் மிஞ்சியிருந்தது. நான்கு கடைகளில் முடியாது என்று அனுப்பிவிட்டார்களாம்.

"மூஞ்சி போட்டோல இருக்கு தம்பி. கொரல்தான் எங்கயும் இல்ல. இதுல ஒரு பாட்டுப் பாடி வச்சிருக்கா. ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும்."

அந்தக் கார்டோ ஒரே இடத்தை இரண்டு தடவை படித்தால் இரண்டு பதில் சொன்னது. சத்தியசீலன் சொந்தமாகவே ஒரு புரோகிராம் எழுதினான். ஒவ்வோர் இடத்தையும் நூற்றுக்கணக்கான தடவை படித்து, அதிகமாக வந்த பதிலை வைத்துக்கொள்ளும். வந்ததெல்லாம் மெமரியிலேயே இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு, கடைசி வரியில்தான் டிஸ்கில் எழுதும். நடுநடுவே எழுதினால் நேரம் போகும், கார்டு அதுவரை தாங்காது என்றான். கரண்ட் போனாலும் நிற்காமலிருக்க யூபிஎஸ் பெட்டி ஒன்றும் மாட்டினான்.

"இத மட்டும் ஆஃப் பண்ணிடாத காளி" என்று முதல் நாளே சொன்னான்.

கரண்டுக்குப் பயந்த புத்திசாலி என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

புரோகிராம் ஓடத் தொடங்கிய ஒன்பதாம் நாள் ஆயுத பூசை. அவன் மெர்கோங்கில் ஒரு கிளினிக் மெஷினைப் பார்க்கப் போயிருந்தான். அன்றைக்கு ஆயுதம் எதுவும் ஓடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியை அப்பா சாமி முன் வைத்தால் மறுநாள்தான் தொடுவார். நான் கடையைக் கூட்டி, மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தேன். கார்டைப் படித்துக்கொண்டிருந்த மெஷினிடம் வந்தபோது அவன் சொன்னது ஞாபகம் வரத்தான் செய்தது. ஒரு மணி நேரம் ஓய்ந்தால் என்ன, விட்ட இடத்திலிருந்து தொடராதா என்று நினைத்தேன். ராப்பகலாக உழைத்ததுக்குத்தான் முதல் பூசை என்று பக்தி வேறு. சுவர் சுவிட்சை அணைத்தேன். யூபிஎஸ் பெட்டி கீச்கீச்சென்று கத்தியது. சாமி கும்பிடும் நேரத்தில் என்ன சத்தம் என்று அதன் பொத்தானையும் அமுக்கினேன்.

மத்தியானம் வந்தவன் மெஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். திரும்பப் போட்டபோது கார்டு உயிரோடு இல்லை. மூன்று நாள் என்னென்னவோ செய்து பார்த்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் சோறு தின்றிருப்பேன்.

திங்கட்கிழமை அக்கா வந்தார்.

"புரோகிராம நான்தான் தப்பா எழுதிட்டேன்க்கா. நடுவுலயே டிஸ்க்ல எழுதி வச்சிருக்கணும். இப்ப கார்டும் செத்துப்போச்சு" என்றான் சத்தியசீலன்.

நான் பக்கத்தில் உறைகளை மாட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு கோழையாக இருப்பேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"எதுவுமே கெடைக்கலியா தம்பி?" என்று அக்கா கேட்டார்.

அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"பாட்டு அஞ்சாம் நாளே முழுசா கெடச்சிருச்சுக்கா. மெமரில இருந்துச்சு. மிச்சத்தையும் எடுத்துட்டு எல்லாத்தையும் ஒண்ணா குடுக்கலாம்னு இருந்தேன்."

"அப்ப நாலு நாளா அவ கொரல் இந்தப் பொட்டிக்குள்ளதான் இருந்துச்சா?"

"ஆமாக்கா."

அக்கா அந்த மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு போன் அடிச்சிருக்கலாமே தம்பி. பஸ் ஏறி வந்து கேட்டுட்டுப் போயிருப்பேனே."