மில் இருமல்

சூலூர்ப் பக்கத்து நூல் மில்லில் அங்கப்பன் இருபத்திரண்டு வருஷமாகப் பேல் கட்டுகளாக வரும் பஞ்சைப் பிரித்து மெஷினில் போடுகிறவர். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். கேட் அருகே எல்லாரும் ஆளுக்கொரு வெல்லத்துண்டை வாயில் போட்டுக்கொள்வார்கள். தொண்டையில் ஒட்டிய தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அங்கே நம்பிக்கை. மார்கழியில் இருமல் வந்தபோது அங்கப்பனும் வெல்லத்தைக் கூட்டிக்கொண்டார். அங்கே இருமாதவன்தான் யார்?

ஆடி வரைக்கும் அது நின்றபாடில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. நடுவில் சளிப் பரிசோதனை வண்டி மில்லுக்கே வந்தது. வரிசையில் நின்றவர்களைப் பார்த்து அங்கப்பன், "மில்லுக்காரன் இருமாம இருந்தாத்தானுங்க டாக்டர்கிட்டப் போகோணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மனுஷனுக்கு வாய் மட்டும் நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஆடியிலேயே மகள் பிரவீனாவும் இருமத் தொடங்கினாள். பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிற பெண், மில் வாசலை மிதித்ததில்லை. அம்மா ராசாத்தாள் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குத்தான் பஞ்சு. இவளுக்கு என்னுங்க?" என்று புருஷனைக் கேட்டாள்.

மறுநாளே மூன்று பேரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிரவீனாவின் சளியில் டிபி இருந்தது. "ஊட்டுல வேற யாராச்சும் இருமறாங்களாம்மா?" என்று நர்ஸ் கேட்டாள். ராசாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளி பெஞ்சிலிருந்து அங்கப்பனின் இருமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் சளியிலும் அதே டிபிதான். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே வாரத்தில் மாத்திரை ஆரம்பித்தது. அவள் விழுங்கிவிட்டாளா என்று பார்த்த பிறகுதான் அவர் தன்னுடையதை வாயில் போடுவார். உங்களால்தான் அவளுக்கு வந்தது என்று வீட்டில் யாரும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் அவர் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அவளுக்கு மட்டும் சரியானால் போதும் என்று தினமும் சாமியிடம் கேட்டார்.

கேட்டபடிதான் நடந்தது. ஆறு மாதம் கழித்து டாக்டர் இருவர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாப்பாவுக்குச் சுத்தமாயிருச்சுங்க. ஆரம்பத்துலயே வந்துட்டாங்க. உங்களுக்கும் கிருமி செத்துப்போச்சு. ஆனா வலது பக்க நுரையீரல்ல அழிஞ்சது அழிஞ்சதுதானுங்க, இனி வளராது. பஞ்சு வேலைக்கு மட்டும் போயிராதீங்க."

மகள் பிழைத்த சந்தோஷத்தில் மற்றது அங்கப்பன் காதில் ஏறவேயில்லை. ஆஸ்பத்திரிப் படியில் நாலாவது படியிலேயே மூச்சு வாங்கி நின்றபோதுதான் ஏறியது.

வீட்டில் ஒருவர் சம்பாதித்தாக வேண்டும். அவர் இடத்துக்குப் பிரவீனாவை எடுத்துக்கொள்வதாக மில்லில் சொன்னார்கள். நாலு நாள் மாட்டவே மாட்டேன் என்று நின்றார். "நீங்க பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்க முடியலீங்கப்பா" என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் அவர் ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை மில் பஸ் வந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வாரம் இருமுனா மறைக்கக் கூடாது கண்ணு. பஞ்சுன்னு மட்டும் சொல்லிராத."

"சரிங்கப்பா."

பஸ் போய்விட்டது. காப்பாற்றி மீட்ட பிள்ளையை அதே பஞ்சுக்குள் அனுப்பிவிட்டோமே என்று தெருவிலேயே உட்கார்ந்து அழுதார். அழுவதற்கும் அவருக்கு மூச்சு போதவில்லை.