மைக்ராஸ்கோப்பில் மாட்டிய கட்டைவிரல்

சனிக்கிழமை மதியம். ரசம் சாதத்தில் கை வைத்திருக்கிறேன்... போன். லேபில் இருக்கும் நேரத்தில் என் மனைவி வளர்மதி போன் செய்யவே மாட்டாள். பதறிப்போய் எடுத்தால்—

“ஏனுங்க, மின்னுதுங்க! பச்சைப் பசேல்னு மின்னுதுங்க!”

எனக்கு ரசம் மூக்கில் ஏறிவிட்டது.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். வளர்மதி கொடுமுடிக்காரி. பையன் காலேஜுக்குப் போன பிறகு, நாற்பத்து மூன்று வயதில், கோவையில் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. சேர்ந்தாள். சாயப்பட்டறைக் கழிவில் வாழ்கிற ஒரு பாக்டீரியாதான் அவளுடைய ஆராய்ச்சி. அது ஒரு என்சைம் தயாரிக்கிறது, சாயத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவது அந்த என்சைம்தான் என்பது அவள் கட்சி. நாலு வருஷமாக அவள் அதிக நேரம் கொடுப்பது எனக்கா, பாக்டீரியாவுக்கா என்று மட்டும் கேட்காதீர்கள்.

சரி, கண்ணுக்கே தெரியாத பாக்டீரியாவுக்குள் இருக்கிற என்சைமை எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் ஆன்டிபாடி. அந்த என்சைமை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அதோடு ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்து அனுப்புகிறார்கள். நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக மின்னும். மின்னினால் அங்கே என்சைம் இருக்கிறது!

“மைசூர்பா வாங்கிட்டு வந்துடட்டுமா?” என்றேன்.

“அட, பொறுங்க. இன்னொரு ஸ்லைடு பார்க்கோணும்.”

அந்த இன்னொரு ஸ்லைடில் இருப்பதும் அதே பாக்டீரியாதான். ஆனால் என்சைமைச் செய்யவே முடியாதபடி அதன் ஜீனை எடுத்துவிட்டார்கள். அது இருட்டாகத்தான் இருக்க வேண்டும்.

அரை மணி நேரத்தில் மறுபடி போன். “அதும் மின்னுதுங்க.”

போச்சு! வெள்ளிக்கிழமை அவள் தன் முடிவுகளை பிஎச்.டி. கமிட்டி முன்னால் வைக்க வேண்டும். இல்லாத என்சைமை இருக்கிறது என்று காட்டும் ஆன்டிபாடியை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? அவளுடைய கைடு தங்கமான மனுஷி. தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார்: “கண்ட இடத்துல ஒட்டுது போல இருக்கு வளர். கமிட்டியைத் தள்ளிப்போட்டுட்டு வேற ஆன்டிபாடி தயார் பண்ணலாமா?” அதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும்.

“இன்னொரு வருஷமெல்லாம் என்னால ஆகாதுங்க. நிறுத்திப்போடறனுங்க” என்றாள்.

அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஸ்கூட்டரை எடுத்தேன்.

அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துப் போனால்... மூக்கைச் சிந்திவிட்டு வேலையில் இறங்கியிருந்தாள்! “ஆன்டிபாடியே போடாம ஒண்ணு பார்த்துடறேன்” என்றாள். ரெண்டு மணி நேரம் கழித்து இருவரும் திரையைப் பார்த்தோம்.

மின்னியது!

“போடாத ஆன்டிபாடி எப்படிங்க மின்னும்?” அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படியென்றால் ஆன்டிபாடி மேல் தப்பில்லை. வேறு என்னவோ மின்னுகிறது. ஸ்லைடு டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். பாக்டீரியா இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் கண்ணாடி. குறைந்த பவர் லென்ஸுக்கு மாற்றினாள்.

திரையில் வளைந்து வளைந்து பச்சை வரிகள்... கட்டைவிரல் ரேகை!

மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, பூஜையன்னைக்கு இந்த டப்பாவைத் தொட்டீங்களா?”

தொட்டேன். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். கோயமுத்தூரில் லேத்துக்கும் பொட்டு, லாரிக்கும் பொட்டு. லேபுக்கு மட்டும் வேண்டாமா? ஈரோட்டு மஞ்சளைக் கிண்ணம் நிறையக் குழைத்து, மைக்ராஸ்கோப், பிரிட்ஜ், ஸ்லைடு டப்பா என்று ஒன்றையும் விடவில்லை. பொட்டு வைத்தவன் சும்மா வந்தேனா? டப்பாவைத் திறந்து, சீட்டுக்கட்டைப் போலக் கண்ணாடிகளைத் தள்ளித் தள்ளி வேடிக்கையும் பார்த்தேன்.

நீல வெளிச்சம் பட்டால் மஞ்சளும் பச்சையாக மின்னுமாம். பாக்டீரியாவை ஸ்லைடில் நிலைநிறுத்த ஊற்றுகிற மெத்தனாலில் கரைந்து, அதன் மேலேயே ஏறிக்கொள்ளுமாம். எனக்கு எப்படிங்க தெரியும்?

திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவளோ என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதிக்கிறாள்! “மஞ்சளாங்க! அட கடவுளே, வெறும் மஞ்சளாங்க!” சிரிக்கிறாள், அழுகிறாள், மறுபடி சிரிக்கிறாள்.

பக்கத்து லேபில் பிரிக்காத டப்பா ஒன்று கிடைத்தது. திங்கட்கிழமை எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். என்னைக் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நிற்கச் சொல்லிவிட்டாள். முதல் ஸ்லைடு பச்சை. அடுத்தது ஜீன் எடுத்த பாக்டீரியா...

இருட்டு. கும்மிருட்டு. ஒரு புள்ளி இல்லை!

“ஒண்ணுமே தெரியலைங்க!” என்று கத்தினாள். ஒன்றும் தெரியாததற்காக நான் கைதட்டியது அன்றைக்குத்தான்.

யோசித்துப் பார்த்தேன். பிடித்த பதில் கிடைத்ததும் நாமெல்லாம் மைசூர்பா வாங்கக் கிளம்பிவிடுகிறோம். இருட்டாக இருக்க வேண்டியது இருட்டாகத்தான் இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

வெள்ளிக்கிழமை, கருத்தரங்கக் கூடம். நான் கடைசி வரிசையில். நடந்ததை எல்லாம் சொல்லி, அந்தக் கட்டைவிரல் படத்தையும் பெரிய திரையில் போட்டாள். யாருடையது என்று சொல்லவில்லை. ஆனாலும் மொத்தக் கூடமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார்: “உங்க கைடே வேற ஆன்டிபாடிக்குப் போகலாம்னாங்க. நீங்க ஏம்மா விடலை?”

“நாப்பத்தேழு வயசாச்சுங்க சார். தப்பு எங்க இருக்குதுன்னு பார்க்காமயே விட்டுட்டுப் போறதுக்கு எனக்கு நேரமில்லீங்க.”

பெரியவரே முதலில் கைதட்டினார்.

ஐம்பத்தொரு வயதில், கல்லூரிக் கூடத்தில், சொந்தப் பெண்டாட்டிக்கு விசில் அடித்த ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்!