வலி இல்லாத வாரங்கள்

அந்த வீட்டில் அவளுக்கு இடுப்பு மகாராணி என்று பேர். வைத்தவள் நாத்தனார். பட்டப்பேர் வைப்பதில் மகா கெட்டிக்காரி. குடித்த டம்ளரைக் கழுவி வைக்கச் சொன்னால் மட்டும் கை வராது.

மகாராணி வேலை பார்த்தது ஓட்டல் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில். குனிந்து, இயந்திரத்தின் வாயிலிருந்து ஈரமான படுக்கை விரிப்புகளை உருவி, அப்படியே திரும்பித் தள்ளுவண்டியில் போட வேண்டும். விரிப்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும். பல வருஷம் இழுத்ததில் ஒரு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு விடவே இல்லை. போதாக்குறைக்கு முழங்காலும் சேர்ந்துகொண்டது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. தைலம் தேய்த்தாள், பெல்ட் கட்டினாள். மாத்திரை தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம். வெந்நீர்ப் பை ஒன்று வாங்கி வந்தாள், அதைக் காலடியில் வைத்துக்கொண்டு புருஷன் சுகமாகத் தூங்கினான். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவன். "நாள் பூரா நிக்கிறேன்ல?" என்பான். கொட்டகையில் அவனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

கடைசியில் எலும்பு டாக்டர், ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லி, முதுகெலும்பு ஓரமாக ஒரு ஊசி போட்டு, உடற்பயிற்சி சொல்லித்தரும் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா புருஷனையும் உட்காரவைத்துப் பேசினாள்.

"ஊசி குணமாக்காது, வலியைக் கொஞ்ச நாள் தூங்க வைக்கும், அவ்வளவுதான். வலி இல்லாத இந்த வாரங்கள்ல தினமும் பயிற்சி செஞ்சு இடுப்பைப் பலமாக்கிக்கணும். வெயிட் தூக்கவே கூடாது. நீங்கதான் கூட இருந்து பாத்துக்கணும்."

அவன் எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டினான். அவன் காதில் ஏறியது 'வலி இல்லாத வாரங்கள்' மட்டும்தான்.

ஊசி போட்ட மூன்றாம் நாள் காலையில் அவள் சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். குனிந்து தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டாள். மாட்டிவிட்டு அழுதாள், அவ்வளவு சந்தோஷம். இந்த இடுப்பு இப்படியே நிலைத்துவிட்டால் போதும், யாரிடமும் கையேந்தாமல் சாகிறவரைக்கும் உழைத்துச் சாப்பிடலாம். நடமாட முடியாமல் விழுந்தால் இந்த வீட்டில் தன்னை யார் பார்ப்பார்கள் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

முன்னறையில் பாய் விரித்து, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றை இறுக்கி இடுப்பைத் தரையோடு அழுத்தினாள். நாத்தனார் அவளைத் தாண்டிக்கொண்டு போனாள். "அண்ணி, மேல என்ன படமா ஓடுது?"

இதில் வீடு மாற வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி மாதக்கணக்காகியும், இவள் இடுப்பைக் காரணம் காட்டியே தள்ளிப்போட்டு வந்தார்கள். இப்போது புருஷன் நாள் குறித்துவிட்டான்.

"வெயிட் தூக்கக் கூடாதுன்னு சொன்னாங்களேங்க."

"இப்பதானே உனக்கு வலி இல்ல? வலி வந்தப்புறம் எப்படித் தூக்குவே? கொஞ்சம் யோசிச்சுப் பேசு."

அந்தப் பாவி சொன்னது கேட்பதற்கு நியாயம் போலவே இருந்தது. எதிர்த்துப் பேச வலியாவது இருந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை.

சாமான்களை இரண்டு மாடி இறக்கி, இரண்டு மாடி ஏற்றினாள். புதுவீட்டுப் படியில் இரும்பு பீரோவைப் புருஷன் மேலே நின்று இழுக்க, கனமெல்லாம் கீழே நின்ற அவள்மேல் இறங்கியது. நாத்தனார் சுவர்க் கடிகாரத்தை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு, "பெயின்ட் போயிடப் போகுது, பாத்து அண்ணி" என்றாள். இடுப்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் இடது பாதம் மட்டும் மரத்தாற்போல இருந்தது.

"நடந்தா சரியாயிடும்" என்றான் அவன்.

அன்றைக்கென்று பார்த்து டாக்டரம்மா போனில் கூப்பிட்டாள். சாமான் கட்டும் அவசரத்தில் பயிற்சி விட்டுப்போயிருந்தது. அது தெரிந்ததும் அவனைப் பிடித்து விளாசிவிட்டாள். பொம்பளை திட்டிவிட்டாளே என்று அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் விடிந்ததும், கல்யாணமான நாளாக இல்லாத அதிசயமாக, மூட்டைகளுக்கு நடுவே அவனே பாய் விரித்தான். கட்டிலிலிருந்து அவள் பீரோவையும் சுவரையும் பிடித்து வந்து படுத்தாள். படுத்ததுமே தூங்கிய வலி விழித்துக்கொண்டது. கண் இருட்டியது.

"என்னங்க, முடியல. என்னைத் தூக்கி விடுங்க."

"ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள என்ன? உனக்காக நான் பேச்சு வாங்கறேன். செய்."

நாத்தனார் இன்றைக்கு அவளைத் தாண்டவில்லை. மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனாள். "பேசாம மூச்சை இழுத்து விட்டுச் செய்யுங்க அண்ணி."

புருஷன் இடுப்பில் கை வைத்து நின்றான். "வலது கால் சரி. இடது காலையும் மடக்கு."

"மடக்கிட்டேங்க" என்றாள் அவள், கூரையைப் பார்த்தபடி.

இடது கால் பாயில் நீட்டியபடியே கிடந்தது.